கொட்டகையில் ஒரு பெர்குஸன்

எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் இரண்டே வகைப்பட்டவை. ஒன்று, கலியாணம், காதுகுத்து என்ற மங்கலச் செய்தி; மற்றொன்று, எதையோ விற்கப் போகிறோம், உன் அபிப்பிராயம் என்ன என்ற கேள்வி. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என் பெரியப்பா பேசியது இந்த இரண்டாம் வகை.

"கண்ணு, பழைய இரும்புக்காரரு வந்துட்டுப் போனாரு. கொட்டகையில கெடக்கற அப்பாரு டிராக்டரை எடை போட்டு எடுத்துக்கறேங்கறாரு. பொங்கலுக்குள்ள கொட்டகையக் காலி பண்ணிரலாமா?"

"பொங்கலுக்கு நானே வர்றேனுங்க பெரியப்பா. ஒருதரம் பாத்துட்டு முடிவு பண்ணலாமுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. அந்த டிராக்டரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் மகிழ்ச்சியாகப் பேசி நான் கேட்டதில்லை.

குடும்பத்தின் பழைய வழக்கு

அந்தச் சாம்பல் நிற உழவு யந்திரத்தை என் பாட்டனாரும் அவருடைய தம்பியும் 1963ஆம் ஆண்டில், ஒரு மலைத்தோட்டத்தாரிடமிருந்து பழைய வண்டியாகச் சேர்ந்து வாங்கினார்கள். பத்திரம் இல்லை, பங்குக் கணக்கு இல்லை. அண்ணன் தம்பி வாய்ச்சொல்லே பத்திரம். பதினோராண்டுக் காலம் அது இரு வீட்டு நிலத்தையும் உழுதது. பிறருடைய நிலத்திலும் வாடகைக்கு ஓடியது. 1974இல் ஒரு நாள் நின்றது, பிறகு ஓடவேயில்லை.

நின்றதோடு போயிருந்தால் பரவாயில்லை. "அண்ணன் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சீமெண்ணெயை ஊற்றி எஞ்சினைக் கொன்றுவிட்டார்" என்று சின்னப் பாட்டனார் சொன்னார். பாட்டனார் மறுத்துப் பேசவில்லை. அவர் அதிகம் பேசும் மனிதர் அல்லர். இரண்டாண்டு கழித்துப் பாகப்பிரிவினை நடந்தபோது இந்தச் சொல் மீண்டும் எழுந்தது. அன்று முதல் இரு வீட்டாருக்கும் இடையே போக்குவரத்துக் குறைந்தது. இரு பெரியவர்களும் காலமாகிவிட்டார்கள். வழக்கு மட்டும் காலமாகவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாத ஒரு சந்தேகம் இருந்தது: பாட்டனார் உண்மையிலேயே தவறு செய்தாரோ?

தகட்டில் இருந்த எழுத்து

பொங்கலன்று மாலை கொட்டகைக்குள் நுழைந்தேன். வைக்கோல், உடைந்த கலப்பை, கோழிக்கூடு இவற்றினிடையே வண்டி நின்றது. டயர்கள் மண்ணோடு மண்ணாகியிருந்தன. ஆனால் அகன்ற முன்மூக்கும் இரு புறமும் கால்வைக்கும் படிகளும் பழுதின்றி இருந்தன. ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே, கருவிகள் பொருத்திய பலகையில், ஒரு சிறு தகடு. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தேன். பெர்குஸன் என்ற பெயரும், கீழே ஒரு வரியில் டி, இ, எச், 20 என்ற குறியும், தொடர்ந்து ஓர் ஆறிலக்க எண்ணும் தெரிந்தன. அவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு, புகைப்படமும் எடுத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் திரும்பினேன்.

நேயர்களில் பலர் பொறியியல் கற்றவர்கள். யந்திரத்தின் எண்ணில் அதன் ஜாதகமே அடங்கியிருக்கும் என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகை வண்டியில் முதலிரண்டு எழுத்தும், 'டிராக்டர், இங்கிலாந்து' என்பதன் சுருக்கம். இதே வண்டி அமெரிக்காவில் டெட்ராயிட் நகரிலும் செய்யப்பட்டது, அதற்கு 'டி.ஓ.' என்று குறி. 'ஓ' என்றால் கடல்கடந்தது என்று பொருள். மூன்றாம் எழுத்துத்தான் எஞ்சின் எதைக் குடிக்கும் என்பதைச் சொல்லும். 'ஏ' என்றால் பெட்ரோல். 'டி' என்றால் டிராக்டருக்கென்றே பிரிட்டனில் விற்கப்பட்ட, பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடைப்பட்ட ஓர் எரிபொருள். 'எஃப்' என்றால் டீசல். 'எச்' என்றால் விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்!

அந்த வரியைக் கண்டதும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாட்டனார் ஊற்றியது கலப்படமும் அன்று, கஞ்சத்தனமும் அன்று. கவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் அந்த வண்டி பிறந்தபோதே அதற்கென்று விதிக்கப்பட்ட உணவு அதுதான். பெட்ரோல் விலை மிகுந்த, டிராக்டர் எண்ணெய் கிடைக்காத நாடுகளைக் கருதி இந்த வகையைச் செய்தார்கள். சாதாரண பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றினால், அது காலம் தவறி வெடித்துத் தட்டும் ஓசை எழும், எஞ்சின் கெடும். அதனால் இந்த வகையில் உருளைக்குள் காற்றை நெருக்கும் அளவைக் குறைத்து அமைத்தார்கள். எண்ணெய்த் தொட்டியில் இரண்டு அறைகள் உண்டு. சிற்றறையிலிருக்கும் பெட்ரோலில் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, பிறகு குழாயைத் திருப்பிப் பேரறையிலிருக்கும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பு மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிவிட்டால், மறுநாள் காலையில் தொல்லையின்றிக் கிளம்பும். "அப்பாரு வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடி எப்பவும் குழாயைத் திருப்புவாரு" என்று பெரியப்பா சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

எண்ணின் வரிசையைக் கொண்டு ஆண்டையும் கணிக்கலாம். 1946இல் ஒன்றில் தொடங்கிய வரிசை, 1952 தொடங்கும்போது ஏறக்குறைய 2,41,000ஐயும், 1953 தொடங்கும்போது ஏறக்குறைய 3,10,000ஐயும் எட்டியிருந்தது. எங்கள் வண்டியின் எண் இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்தது. ஆகவே அது 1952இல் பிறந்தது. இந்தியாவில் டிராக்டர் உற்பத்தியே தொடங்காத காலம் அது. 1951இல் நாடு முழுவதற்கும் சுமார் 8,600 டிராக்டர்களே இருந்தன; அத்தனையும் கப்பலில் வந்தவை.

யார் இந்த பெர்குஸன்?

ஹாரி பெர்குஸன் 1884ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடபகுதியில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். தாமே கட்டிய விமானத்தில் 1909 டிசம்பர் 31ஆம் நாள் பறந்து காட்டியவர். முதல் உலக யுத்த காலத்தில் அயர்லாந்துப் பண்ணைகளில் டிராக்டர்கள் வேலை செய்யும் விதத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பெருங்குறை அவர் கண்ணிற் பட்டது. அந்நாளில் கலப்பையை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கொழு ஒரு பாறையில் மாட்டிக்கொண்டால், சக்கரம் சுழல, வண்டியின் முன்பக்கம் மேலெழுந்து பின்னோக்கிக் கவிழும். ஓட்டுபவர் அடியில் நசுங்குவார். இதற்குப் பரிகாரமாக வண்டியைக் கனமாக்கிக்கொண்டே போனார்கள். கனம் கூடக்கூட மண் இறுகிற்று.

பெர்குஸன் கண்ட வழி வேறு. கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் கலப்பையை வண்டியோடு இணைத்தார். எண்ணெயின் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் செய்தார். கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது எழும் எதிர்ப்பு, மேல்தண்டின் வழியே வந்து வண்டியின் முன்சக்கரங்களை நிலத்தில் அழுத்தியது. கவிழ்க்கும் சக்தியையே காக்கும் சக்தியாக மாற்றியதுதான் அவருடைய சாமர்த்தியம். இன்று நம் கிராமங்களில் ஓடும் டிராக்டர் எந்தக் கம்பெனியுடையதாயினும், பின்புறத்தில் அந்த மூன்று தண்டுகளைக் காணலாம்.

இந்த அமைப்பை ஏற்று, அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு 1938இல் பெர்குஸனோடு கைகுலுக்கி உடன்பாடு செய்துகொண்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. 1939இல் வண்டி வெளிவந்தது; வியாபாரம் பெருகிற்று. மூத்த ஃபோர்டின் காலத்துக்குப் பிறகு பேரன் அந்த உடன்பாட்டைக் கைவிட்டார். பெர்குஸன் நீதிமன்றம் சென்றார். 1952இல் 92.5 லட்சம் டாலரில் வழக்குச் சமரசமாக முடிந்தது. எழுத்தில்லாத கூட்டு, பெரியவர்கள் இருக்கும் வரையில் நிலைக்கிறது. அடுத்த தலைமுறையில் வழக்காகிறது. இதை வாசித்தபோது எங்கள் ஊரை நினைத்துக்கொண்டேன். எங்கள் வழக்குக்கோ இரண்டாம் தலைமுறை வரையிற்கூடக் காத்திருக்கப் பொறுமையில்லை.

இதனிடையே 1946இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பானர் லேன் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் பெர்குஸனுக்காக டி.இ. 20 வண்டியைச் செய்யத் தொடங்கினார்கள். 1956 வரையில் 5,17,651 வண்டிகள் வெளிவந்தன. எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய எட்மண்ட் ஹில்லரி, 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது இவ்வகை வண்டிகளில்தான். உறைபனியிலும் சென்ற வண்டி, பவானி ஆற்றுப் பாசன நிலத்தில் ஏன் நின்றது?

கணக்குப் புத்தகமும் ஒரு பழைய தொழிலாளியும்

எழுத்து குற்றச்சாட்டின் பாதியைத் தள்ளிவிட்டது. மறுபாதி மீந்திருந்தது. மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. முற்றும் எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே கசிந்து, அடியிலுள்ள மசகெண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். ஆதலால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எஞ்சின் தேய்ந்து போகும். பாட்டனார் மாற்றினாரா?

பெரியம்மா தகரப் பெட்டியிலிருந்து ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து அனுப்பினார். கூலி, வித்து, உரம், வாடகை உழவு என்று ஒழுங்கான வரிகள். இடையிடையே "வண்டிக்கு ஆயில் மாற்றியது" என்று தேதியுடன் குறிப்புகள். பதினோராண்டுக் காலமும் தவறவில்லை. 1974ஆம் ஆண்டுப் பக்கத்தில் மட்டும் யாருக்கும் பொருள் விளங்காத இரண்டு வரிகள்: "ரேடியேட்டரில் தினம் தண்ணீர் குறைகிறது. ஆயில் கஞ்சி போல் இருக்கிறது."

எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபதைக் கடந்தவர். நம் சங்கத்துக் கூட்டங்களில் முதல் வரிசையில் அமர்பவர். பெங்களூரில் பல்லாண்டு கடைசல் யந்திரத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்பு, சிறுபிராயத்தில், சென்னையில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் தொழில் கற்றவர். அவரிடம் புத்தகத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு வரிகளை வாசித்தார்.

"இது சீமெண்ணெய் செஞ்ச வேலை இல்லே தம்பி. சீமெண்ணெய் கலந்தா ஆயில் கறுப்பாவே இருக்கும், தண்ணி மாதிரி ஓடும். கஞ்சி மாதிரி வெளுத்திருந்தா உள்ளே தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். ஸ்டாண்டர்டு வான்கார்டு காரிலே இதை எத்தனையோ தடவை பாத்திருக்கேன்."

காருக்கும் டிராக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சம்பந்தம் மிக நெருங்கியது. ஸ்டாண்டர்டு கம்பெனியார் வான்கார்டு காருக்கென்று வகுத்த எஞ்சினையே டிராக்டருக்கும் பயன்படுத்தினார்கள். அந்தக் கார் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில், 1948இல் அமைந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஸ்தாபனத்தாரால் பூட்டி விற்கப்பட்டது. ஆகவே சென்னைப் பட்டறைக்காரர்களுக்கு அந்த எஞ்சின் கைவந்த பொருள்.

அதன் அமைப்பை அவரே விளக்கினார். உருளைகள் எஞ்சின் வார்ப்போடு ஒன்றாக அமையாமல், தனித்தனிக் குழல்களாகச் செருகப்பட்டிருக்கும். இவற்றைப் பட்டறையில் ஸ்லீவ் என்பார்கள். குளிர்விக்கும் நீர் அக்குழல்களின் வெளிப்புறத்தைத் தொட்டுக்கொண்டே ஓடும். தேய்ந்தால் குழலை மட்டும் மாற்றிவிடலாம் என்பது நன்மை. இரண்டிரண்டு குழல்களுக்கு அடியில் எட்டு என்ற எண்ணின் வடிவில் ஒரு பாக்கிங் வளையம் இருக்கும். அது இற்றுப் போனால் மேலிருக்கும் நீர் அடியிலிருக்கும் ஆயிலில் இறங்கும், இது தீமை. ரேடியேட்டரில் நீர் குறையும், ஆயில் வெளுக்கும், பேரிங்குகள் கெடும்.

இரும்பு தந்த சாட்சியம்

பெரியவர் கேள்வியோடு நின்றுவிடவில்லை. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கருவிப் பெட்டியோடு என்னுடன் ஊருக்குக் கிளம்பி வந்தார். முதலில் அடியிலுள்ள திருகைக் கழற்றினார். துருநீர் வந்தது; அதன் பிறகே ஆயில். "சித்தப்பாவையும் வரச் சொல்லி அனுப்பலாமுங்களா?" என்று கேட்டேன். பெரியப்பா சிறிது தயங்கி, ஆள் அனுப்பினார். சின்னப் பாட்டனாரின் மகனான சித்தப்பா வந்து, கொட்டகை வாசலிலேயே நின்றார்.

"இந்தத் தண்ணியை மட்டும் சாட்சியா எடுத்துக்கக் கூடாது. புகைக்குழாய் வழியா அம்பது வருஷ மழையும் இறங்கியிருக்கும்" என்றார் பெரியவர். நியாயமான பேச்சு. மறுநாள், டீசல் ஊற்றி ஊறவைத்த மரைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மேல்மூடியை எடுத்து, உள்ளூர் மெக்கானிக் ஒருவரின் துணையோடு ஒரு குழலை வெளியே இழுத்தார். அடியிலிருந்த பாக்கிங் வளையம் ஓரிடத்தில் அற்றுப் போயிருந்தது. அவ்விடத்திலிருந்து கீழ்நோக்கி, நீர் வழிந்தோடிய துருக்கோடு ஒன்று விரல் அகலத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சித்தப்பா உள்ளே வந்தார். தகட்டைப் பார்த்தார், எழுத்தின் பொருளைக் கேட்டார், கணக்குப் புத்தகத்தை நெடுநேரம் புரட்டினார். கடைசியில், "எங்கய்யன் இதைப் பாக்காமலே போயிட்டாருங்க அண்ணா" என்று மட்டும் சொன்னார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, "தம்பிக்கும் சேத்து எலை போடு" என்றார். ஐம்பது ஆண்டு வழக்கு அவ்வளவில் முடிந்தது.

பாட்டனார் ஏன் பழுது பார்க்கவில்லை என்ற கேள்விக்கும் புத்தகத்திலேயே விடை இருந்தது. கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் எழுதிய கடிதங்களின் தபால் செலவு மூன்று இடங்களில் குறிக்கப்பட்டிருந்தது. பாகம் கிடைக்கவில்லை போலும். அப்போது காலம் மாறியிருந்தது. பெர்குஸன் 1953இல் தம் தொழிலைக் கனடாவின் மாஸி ஹாரிஸ் கம்பெனியோடு இணைத்திருந்தார். ஆழ்வார்குறிச்சியில் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் வளர்ந்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தார், மாஸி பெர்குஸனின் கூட்டோடு 1960இல் டாஃபே ஸ்தாபனத்தைச் சென்னையில் நிறுவினார்கள். அடுத்த ஆண்டிலேயே செம்பியத்திலிருந்து சிவப்பு நிற டிராக்டர்கள் வெளிவரலாயின. அவை பழைய சாம்பல் நிற வண்டியின் வழித்தோன்றல்களே. ஆனால் எஞ்சின் வேறு, எரிபொருள் டீசல். 1961இல் நாட்டில் டிராக்டர்களின் எண்ணிக்கை சுமார் 31,000 ஆக உயர்ந்திருந்தது. புதியவை பெருகப் பெருகப் பழையவற்றுக்குப் பாகம் தேடுவோர் குறைந்தனர். பானர் லேன் தொழிற்சாலையும் 2002இல் மூடப்பட்டது. இந்தியாவில் மாஸி பெர்குஸன் என்ற பெயரின் உரிமையோ, 2025இல் ஏற்பட்ட உடன்பாட்டினால் டாஃபேயைச் சேர்ந்தது.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்

நாம் குடியிருக்கும் இந்த எலெக்ட்ரானிக் சிட்டியும் ஒரு காலத்தில் உழுத நிலந்தான். கோனப்பன அக்ரஹாரம், தொட்டத்தோகூர் ஆகிய ஊர்களின் நிலத்தில் 332 ஏக்கரில், கியோனிக்ஸ் ஸ்தாபனத்தார் 1978இல் இதை நிறுவினார்கள். உழவை விட்டு வந்த நாம், உழவை விட்ட நிலத்தில் வசிக்கிறோம். நம்மில் பலருடைய ஊர்க் கொட்டகைகளில் ஒரு பழைய டிராக்டரோ, ஆயில் எஞ்சினோ, கரும்பாலையோ கிடக்கும். இரும்புக்காரரிடம் ஒப்புக்கொள்ளுமுன் சில காரியங்களைச் செய்யுங்கள்.

தகட்டைக் கம்பித்தூரிகையால் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். ஈரத்துணி போதும். தகட்டு எண்ணோடு எஞ்சினில் பொறித்த எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சின் இடையில் மாற்றப்பட்டதா என்பது அதனால் தெரியும். பதிவுப் புத்தகம், வரி ரசீது, கணக்குப் புத்தகம் இவற்றைத் தேடுங்கள். வண்டியை ஓட்டியவர்கள் உயிரோடிருந்தால் அவர்கள் சொல்லுவதை எழுதி வையுங்கள். குழாயைத் திருப்பிய பழக்கம் போன்ற சிறு செய்திதான் பெரிய விடையைத் தரும். இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராம வாழ்க்கைப் பொருட்காட்சிசாலையில் மாஸி பெர்குஸன் கம்பெனியின் பழைய ஏடுகளும் படங்களும் பாதுகாக்கப்படுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வண்டி இன்னும் ஓடவில்லை. பாக்கிங் வளையங்களும் குழல்களும் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். பழைய வண்டிகளைப் பேணுவோர் அங்கே மிகுதியாதலால் அவை இன்றும் கிடைக்கின்றன. செலவில் பாதியைத் தாம் ஏற்பதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார். இம்முறை அதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, பாட்டனாரின் கணக்குப் புத்தகத்திலேயே அடுத்த பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.